பதினாலாவது ரீல்

ஆனைக்குறிச்சியில் பிறந்த ஒருத்தர் வாயிலிருந்து "அந்தப் படத்தை நான் பாக்கல" என்ற பேச்சு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. கோவில்பட்டிக்குத் தெற்கே, ஒரு டாக்கீஸும் நாலு தீப்பெட்டி ஆபீஸும் எட்டு டீக்கடையும் இருக்கிற அந்த ஊரில், பட்டினி கிடந்தேன் என்று ஒத்துக்கொள்வார்கள், பரீட்சையில் தோற்றேன் என்று ஒத்துக்கொள்வார்கள், பெண்டாட்டியிடம் அடி வாங்கினேன் என்றுகூட நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள், ஆனால் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி "பாத்தியா?" என்று கேட்டுவிட்டால், பார்த்தவன் ஒரு தடவையும் பார்க்காதவன் இரண்டு தடவையும் தலையை ஆட்டுவான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற பழமொழி அந்த ஊரில்தான் உண்டாகியிருக்க வேண்டும்.

இந்தக் குணத்தின் மேல்தான் முத்துச்செண்பகத்தின் வாட்ஸ்அப் விளையாட்டே நடந்துகொண்டிருந்தது. செண்பகம் பேருந்து நிலையத்தை ஒட்டிய இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள், வயது முப்பத்தெட்டு. அவளும், மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ரோஸ்லினும், புனேயில் முறுக்குக் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டியும், உள்ளூரிலேயே செல்போன் கடை போட்டிருக்கும் மைதீனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் தேய்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு, கறிச்சோறு உண்டு ஊரே கண் சொருகிக் கிடக்கும் நேரத்தில், "படம் சொல்லு" என்கிற குழுவில் நாலு பேரும் கூடுவார்கள். ஒருத்தர் எமோஜி போடுவார், மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் அது என்ன படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாதவர்கள், கேட்டவர் படத்தின் பெயரைச் சொன்னதும், "ஐயோ அதுவா, பாத்த படம்லா!" என்று தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அப்படித் தப்பிக்கிறவரிடம் "ஒரு சீன் சொல்லு" என்பார்கள். சீன் சரியாக இருந்தால் நடுவர் பச்சை டிக் போடுவார், தப்பாக இருந்தால் சிவப்புப் பெருக்கல் குறி. கேள்வி கேட்டவர் மட்டும் சீன் சொல்லக்கூடாது, அது சட்டம்.

நடுவர், டாக்கீஸில் நாற்பது வருஷம் டிக்கெட் கிழித்த தெய்வசிகாமணி. எழுபது தாண்டியவர். எந்தப் படத்தில் எந்த இடத்தில் ஃபிலிம் அறுந்தது என்பதுவரை சொல்லக்கூடியவர் என்பதால் ஊரில் அவருக்குச் "சென்சார்" என்று பட்டப்பெயர். பட்டப்பெயர் வைப்பதில் அவரும் சளைத்தவர் இல்லை. செண்பகத்தின் அம்மா சுப்புத்தாய்க்குக் "கத்திரி" என்று பெயர் வைத்ததே அவர்தான்.

சுப்புத்தாய் பத்தொன்பது வயதில் மெட்ராஸுக்குப் போய் ஏழு படங்களில் நடித்தவள். ஏழிலும் அவள் தெரிய மாட்டாள். ஒன்றில் முதுகு மட்டும், ஒன்றில் கூட்டத்தில் ஒரு கை, மற்றதெல்லாம் வெட்டில் போயிற்று. ஏழாவது படத்தில் அவளுக்கு ஒரு வசனமே இருந்தது: ரயில் நிற்கிற ஸ்டேஷனில் கதாநாயகனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்து, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க, ரயிலு எங்க ஓடிப்போவுது?" என்று சொல்ல வேண்டும். பதினோரு தடவை எடுத்தார்கள், பதினோரு தடவையும் சொன்னாள், படம் வந்தபோது ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கவே இல்லை. ஊருக்குத் திரும்பி, தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் குச்சி அடுக்கி, கட்டினவனையும் பறிகொடுத்து, ஒற்றைப் பிள்ளையைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். ஆனால் அதற்குப் பிறகு டாக்கீஸ் வாசலை மிதிக்கவில்லை. "என்னைப் பாக்காத சினிமாவ நான் எதுக்குட்டி பாக்கணும்?" என்பாள். அவளை மாதிரி ரோஷக்காரி பத்து ஊரில் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தின் முறை. மூன்று வாரமாக அவள்தான் கடைசி. மனதில் ஒரு படமும் இல்லை, கரண்டும் இல்லை. உள்ளறையில் அம்மா தூக்கத்தில் "ரயிலு எங்க ஓடிப்போவுது" என்று வழக்கம்போல முணுமுணுத்தாள், பக்கத்து வீட்டு ஆடு ஒரு தடவை கத்தியது. செண்பகம் ஒரு ரயில், ஒரு டிக்கெட், ஒரு ஆடு என்று மூன்று எமோஜிகளைத் தட்டிவிட்டாள். பத்து நிமிஷம் மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நேரம் முடிந்ததும், "ஆட்டுக்கும் அரை டிக்கெட். எழுபத்தெட்டுல வந்தது" என்று அடித்தாள். அடுத்த வரியில் "சும்மா சொன்னேம்டா, அப்படி ஒரு படமே கிடையாது" என்று அடித்துச் சிரிப்பதாகத்தான் இருந்தாள். விரல் அங்கே போவதற்குள் சங்கரபாண்டி முந்திக்கொண்டான்.

"ஐயோ, அதுவா! எங்க அப்பா தோள்ல உக்காந்து பாத்த படம்லா!"

செண்பகம் விரலை எடுத்துக்கொண்டாள். எழுபத்தெட்டில் சங்கரபாண்டி பிறக்கவே இல்லை. "ஒரு சீன் சொல்லு" என்று மைதீன் கேட்க, சங்கரபாண்டி ஒரு ஈடு முறுக்கு வெந்து முடிகிற நேரம் யோசித்துவிட்டு, டிக்கெட் பரிசோதகர் ஆட்டுக்கு டிக்கெட் எங்கே என்று கேட்பார், கதாநாயகன் "அது ஆடு இல்லங்க, என் தம்பி" என்பான், பரிசோதகர் கண் கலங்கி அரை டிக்கெட் போடுவார் என்று எழுதினான். அவன் பார்த்திருக்கையில் தாங்கள் பார்க்கவில்லை என்று சொல்ல மற்ற இரண்டு பேருக்கும் என்ன தலையெழுத்தா? ரோஸ்லின் ஆஸ்பத்திரிக் காட்சி சொன்னாள்: கதாநாயகி காய்ச்சலில் கிடக்க, ஆடு மூன்று நாள் கட்டிலடியில் நகராமல் நிற்கும், நர்ஸ் ஆட்டின் வாயிலும் தெர்மாமீட்டர் வைப்பாள், ஆட்டுக்கும் நூற்றி மூணு. மைதீன் பாட்டு சொன்னான்: மழை பெய்யும், ஊரே குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் சேர்க்கும். எல்லோரும் நடுவரைப் பார்த்துக் காத்திருந்தார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? சென்சார் எழுதினார்: "எல்லாம் சரி. வெளியான அன்னிக்கு நான்தான் டிக்கெட் கிழிச்சேன். மொத்தம் பதினாலு ரீல். இன்டர்வெல் விடும்போது ஆடு திரும்பிப் பாக்கும்." மூன்று பச்சை டிக் விழுந்தது.

திங்கட்கிழமை காலை பேருந்து நிலையச் சுவரில் அந்தப் படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது.

மைதா பசை இன்னும் ஈரமாக இருந்தது. ரயில் ஜன்னலில் கதாநாயகன், அவன் மடியில் ஆடு, மேலே "ஆட்டுக்கும் அரை டிக்கெட்", கீழே "14 ரீல்கள், வெள்ளி முதல்". யார் ஒட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. "நல்ல படம்லா, ரொம்ப நாள் கழிச்சுப் போடுதான்" என்று சொல்லிக்கொண்டு ஆறு பத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். அய்யாத்துரையின் டீக்கடையில் குடைப் பாட்டு ஓடியது. டீ மாஸ்டருக்கு இரண்டாவது சரணம் மனப்பாடமாக வந்தது, எப்படி வந்தது என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. சலூனில் அந்தக் கதாநாயகனின் கிருதா கேட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மினி பஸ் கண்டக்டர் சந்தைக்குப் போன ஒரு கிடாய்க்கு அரை டிக்கெட் கிழித்துக் கொம்பில் செருகிவிட்டார், மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகி, டிக்கெட் இல்லாத ஆட்டைப் பஸ்ஸில் இருந்தவர்களே இறக்கிவிட்டார்கள். ஆடு கறுப்பா செவலையா என்று கீழத்தெருவில் இரண்டு அண்ணன் தம்பிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் முதல் பாதியில் கறுப்பு, கல்யாணத்துக்குப் பிறகு செவலை என்று சமாதானமானார்கள். கல்யாணமான ஒரு பெண் தாய்வீட்டில் இருந்தபோது அந்தப் படத்தைப் பார்த்த நாளை நினைத்து அழுதாள். பொய்யா அழுதாள்? கண்ணீர் நிஜம்தான். ஓர் ஊரே சேர்ந்து ஒன்றை நினைவு வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டால் அதன் எதிரில் நிற்க யாரால் முடியும் என்று செண்பகம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அந்த ஊர்க்காரியாகப் பிறந்ததில் பெருமையாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்னொன்றும் கவனித்தாள். டீ மாஸ்டர் அய்யாத்துரை, டீ குடிக்க வந்த சென்சாரிடம், "அண்ணாச்சி, அதுல அவன் டீயைத் தட்டுல ஊத்தி ஆட்டுக்கும் குடுப்பான்லா?" என்று கேட்க, அவர் போகிறபோக்கில் தலையை ஆட்டினார். மறுநாள் போஸ்டரில் ஆட்டின் முன்னால் ஒரு தட்டு இருந்தது. அப்படியென்றால், யாராவது ஒரு சீனைச் சொல்லி, சென்சார் ஆமாம் என்றுவிட்டால் அது படத்தில் வந்துவிடும்.

அதே புதன்கிழமை சுப்புத்தாய் கடைக்குப் போய்விட்டு வெறும் பையோடு திரும்பி வந்தாள். சோற்றைப் போட்டு வைத்தும் கை வைக்கவில்லை.

"என்னம்மா, மேலுக்கு முடியலையா?"

"கடைத்தெருவுல வச்சு ஒருத்தன் கேக்கான், 'ஏ கத்திரி, இந்தப் படத்துல நீ எங்க வார, இதுலயும் வெட்டிட்டாங்களா'ன்னு. சுத்தி நின்ன அம்புட்டுப் பேரும் சிரிக்காங்க." தட்டைத் தள்ளி வைத்தாள். "நாப்பத்தாறு வருசமாச்சு. இன்னும் அந்தப் பேரு அவங்க வாயில இனிக்கு."

வேடிக்கைக்குத் தட்டிவிட்ட படம் தன் அம்மாவையே திரும்ப வந்து கடிக்கும் என்று செண்பகம் நினைத்தாளா? படம் ஒருநாள் திரையில் ஓடி முடிந்துவிட்டால் பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாது, அம்மா சாகும்வரை கத்திரிதான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

அன்று சாயங்காலமே குழுவில் எழுதினாள்: "நான் கேள்வி கேட்டவ, சீன் சொல்லக்கூடாது. ஆனா உங்க மூணு பேருக்கும் ஞாபகம் இல்லையா, ஒரு ஸ்டேஷன்ல எங்கம்மா தண்ணி குடுப்பாளே?"

அப்படிப்பட்ட கூட்டாளிகள் கிடைக்க ஏழு பிறவி தவம் செய்திருக்க வேண்டும். ஒருத்தனும் ஒரு நொடி தாமதிக்கவில்லை. "அத மறக்க முடியுமாட்டி?" என்றாள் ரோஸ்லின், வார்டில் ஒரு கையால் சலைன் மாட்டிக்கொண்டே. "பச்சைத் தாவணி" என்றான் சங்கரபாண்டி. "செம்புல முகம் தெரியும், அம்புட்டு பளபளப்பு" என்றான் மைதீன். மூன்றுக்கும் கீழே, ஒன்றன் பின் ஒன்றாக, சென்சார் சிவப்புப் பெருக்கல் குறி போட்டார். "அப்படி ஒரு சீன் கிடையாது. அந்தப் பொம்பள எந்தப் படத்துலயும் கிடையாது" என்று எழுதிவிட்டு ஆஃப்லைன் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை படப்பெட்டி லாரியில் வந்து இறங்கியது. ஆபரேட்டர் பூட்டை உடைத்து எல்லோர் முன்னாலும் எண்ணினான். பதிமூன்று ரீல் இருந்தது. இன்னொரு தடவை எண்ணினான், செண்பகமும் எண்ணினாள். பதிமூன்றுதான். அவள் இ-சேவை மையத்தில் நீண்டு நின்ற வரிசையை அப்படியே விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் சென்சார் வீட்டுக்கு ஓடினாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பொட்டி வந்துட்டு."

"தெரியும்."

"பதிமூணு ரீல்தான் இருக்கு."

பேப்பர் கீழே இறங்கியது. "எண்ணத் தெரியாதவன் எண்ணிருப்பான்."

"நானும் எண்ணினேன் மாமா. பதினாலுன்னு சொன்னது நீங்க. போஸ்டர்லயே போட்டுருக்கு. இப்ப டாக்கீஸ் வாசல்ல ஆளாளுக்குக் கேக்காங்க, 'சென்சார் அந்தப் படத்தப் பாத்தானா பாக்கலையா'ன்னு." செண்பகம் மூச்சு வாங்கினாள். "பதினாலாவது ரீல்ல என்ன வரும்? ஒரு சீன் சொல்லுங்க."

அவர் பேப்பரை மடியில் வைத்தார்.

"உங்கம்மா நடிச்ச படம்னு அன்னிக்கு அறுநூறு பேரு வந்தான். கேட்டுல நின்னு ஒவ்வொருத்தன்கிட்டயும், 'நம்ம ஊருப் புள்ள வருது, கண்ணச் சிமிட்டாமப் பாருல'ன்னு சொல்லிச் சொல்லிக் கிழிச்சேன். ரோஜாப்பூ மாலை வாங்கி டிக்கெட் ரூமுக்குள்ள தொங்கவிட்டுருந்தேன், படம் முடிஞ்சதும் போடணும்னு. திரையில அவ வரவே இல்ல. வெளிய போன அறுநூறு பேரும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சான். மாலைய ஆட்டுக்குப் போட்டேன். அந்தக் கோவத்துல வாயில வந்த பேரு அது."

"எங்கம்மாவும் அன்னிக்கு உள்ளதான் உக்காந்துருந்தா மாமா" என்றாள் செண்பகம். "அந்த அறுநூறு பேரும் திரும்பி அவளப் பாத்துத்தான் முதல்ல சிரிச்சான்."

சென்சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனை எடுத்து, டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தட்டையாகிப்போன அந்த ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார்: "பதினாலாவது ரீல். ஸ்டேஷன். ஒரு பொண்ணு தண்ணி குடுக்கும்." நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. "நம்ம ஊருப் பொண்ணு" என்று சேர்த்து, தனக்குத்தானே ஒரு பச்சை டிக் போட்டுக்கொண்டு, "போ, போயி சோலியப் பாரு" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். மத்தியானம் ஒன்றரை மணி மினி பஸ்ஸில் ஒற்றை ரீல் அடங்கிய தகர டப்பா ஒன்று வந்து இறங்கியது. கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் போட்டிருந்தார்.

வீட்டில் சொன்னபோது சுப்புத்தாய் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அந்தப் படத்துல நான் நடிக்கலையேட்டி. நடிச்ச ஏழும் எனக்குத் தெரியாதா?"

"எல்லாரும் பாத்தாச்சுங்காங்கம்மா. சென்சார் மாமாவே சொல்லிட்டாரு."

"யாரு, தெய்வசிகாமணியா?" வெண்டைக்காயை நறுக்கியபடி யோசித்தாள். "அம்புட்டுப் பேரு பாத்துருக்காங்கன்னா நடிச்சிருப்பேன். எனக்குத்தான் மறந்துருக்கும்."

வெள்ளிக்கிழமை மேட்னி. இருக்கை நிறைந்து, நடைபாதை நிறைந்து, ஜன்னலிலும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். சுப்புத்தாய் மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையில் வந்தாள். கூட்டம் பேச்சை நிறுத்தி வழிவிட்டது. முதல் வரிசைக்கும் முன்னால் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதைத் தூக்கி, திரைக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, திரை அந்தப் பக்கம்" என்றாள் செண்பகம்.

"என் மூஞ்சிய நான் தெனமும் கண்ணாடியில பாக்கேன். எனக்கு இவங்க மூஞ்சியப் பாக்கணும்."

படம் ஓடியது. பரிசோதகர் அழுதார், ஆட்டுக்கு நூற்றி மூணு அடித்தது, குடைகள் தலைகீழாகின, இடைவேளையில் ஆடு திரும்பிப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஏற்கெனவே தெரிந்த மாதிரி அரை நொடி முந்திக் கைதட்டியது. மைதீன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதன் ஒரு மூலையில் வெள்ளை உடுப்போடு ரோஸ்லின், இன்னொரு மூலையில் எண்ணெய்ப் புகைக்குள் சங்கரபாண்டி. சுப்புத்தாய் மட்டும் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ரயில் நின்றது. பச்சைத் தாவணி கட்டிய பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் செம்போடு, நடைமேடையில் ஓடிவந்தாள். இத்தனை அழகான ஒரு பெண்ணைச் செண்பகம் பார்த்ததே இல்லை. கதாநாயகன் கை குவித்துக் குடித்தான். ஆடும் குடித்தது. ரயில் ஊதியது, அவன் பதறினான், அந்தப் பெண் சிரித்தபடி, கொஞ்சமும் அவசரமில்லாமல் சொன்னாள்: "தண்ணி குடிச்சிட்டுப் போங்க, ரயிலு எங்க ஓடிப்போவுது?"

அம்மா தூக்கத்தில் முணுமுணுக்கக் கேட்டு வளர்ந்த அதே குரல்.

டாக்கீஸில் ஒரு சத்தமும் இல்லை. திரையின் வெளிச்சம் அவர்கள் முகத்தில் ஏறி இறங்க, டீ மாஸ்டர் அய்யாத்துரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், கடைத்தெருவில் கேலி பேசியவன் தலையைக் குனிந்துகொண்டான், வார்டில் ரோஸ்லின் விம்மியது போன் வழியாகப் பின்வரிசைவரை கேட்டது. அப்புறம் யாரோ ஒருத்தன் விசிலடித்தான். கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஊரே எழுந்து கைதட்டியது, காகிதத்தைக் கிழித்துக் கிழித்து எறிந்தார்கள், "சுப்புத்தாய்! சுப்புத்தாய்!" என்று முழுப்பெயரையும் சொல்லிக் கத்தினார்கள்.

சுப்புத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டாள், பெரிய நடிகைகள் போடுகிற மாதிரியே. காகிதத் துண்டுகள் அவள் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தன. பிறகு ஆபரேட்டர் ரூமைப் பார்த்து, முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் கூப்பிட்டாள்.

"ஒன்ஸ் மோர்!"

ஆபரேட்டர் மறுபேச்சுப் பேசாமல் ரீலைப் பின்னால் சுற்றினான். அம்மா மறுபடியும் அதே மாதிரி கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். செண்பகம் அழுதுகொண்டே குனிந்து அவள் காதில், "அம்மா, இந்தத் தடவையாவது திரும்பிப் பாரும்மா. அம்புட்டு அழகா இருக்க" என்றாள்.

"சும்மா இருட்டி" என்றாள் சுப்புத்தாய், கண்ணை எடுக்காமல். "மூணாவது வரிசையில தெய்வசிகாமணி இன்னும் அழல."